ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமா?

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், கிருஷ்ணகிரியை எட்டுவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது பர்கூர். மொத்த விலைக்குத் துணி எடுக்க வருகிறவர்களுக்கு இவ்வூர் நன்றாகத் தெரியும். சுற்றிலும் மாந்தோப்புகள், குன்றுகளின் அடிவாரத்தில் கல் குவாரிகள், கிரானைட்டை அறுத்து மெருகேற்றும் பட்டறைகள், சிப்காட் தொழிற்பேட்டை. மேற்கே ஓசூர் வரையில் ஆலைகள். இத்தனைக்கும் ஆள் வேண்டுமல்லவா? உள்ளூர்க்காரர்களோடு வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கிப் பிழைக்கிறார்கள்.

மார்கழி பிறந்தால் இந்தப் பக்கத்தில் பனி கடுமை. பனியோடு இருமலும் வந்துவிடும். மாலை வேளையில் மருந்துக் கடை வாசலில் இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய் நிற்பாள். "ரெண்டு நாளா உடம்பு நெருப்பாக் காயுதுங்க அண்ணா, மூச்சு இளைக்குது. மூணு நாளைக்கு மருந்து குடுங்க" என்பாள். டாக்டர் சீட்டு கையில் இருக்காது. டாக்டரிடம் போனால் அரை நாள் கூலி போய்விடும். கடைக்காரர் பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். மூன்றாம் நாள் காய்ச்சல் தணியும். மீதி மருந்து அலமாரிக்குப் போகும். "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று பெரியவர்கள் சொல்லவில்லையா?

சில வாரங்களில் இருமல் திரும்பி வருகிறது. அலமாரியிலிருந்த பாட்டில் இறங்குகிறது. ஆனால் இந்தத் தடவை மருந்து கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்.

இது பர்கூருக்கு மட்டும் உரிய காட்சி அல்ல. தமிழ்நாட்டில் எந்த ஊரின் பெயரையும் இந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். முன்பு கேட்ட மருந்து இப்போது ஏன் கேட்கவில்லை? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் அண்மைக் காலத்தில் கண்டிருக்கும் விடை, இன்னொரு பழமொழியையே சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பதே அந்தப் பழமொழி.

பரிசோதனைச் சாலையின் வழக்கம்

நிமோனியா என்பது நுரையீரலின் காற்றறைகளில் அழற்சி உண்டாகி, அவை நீரும் சீழுமாய் நிரம்பிவிடும் நோய். அதை உண்டாக்கும் கிருமிகள் பல. அவற்றுள் பெயர் பெற்றது 'நியூமோகாக்கஸ்' என்பது. 1881இல் பாரிஸில் பாஸ்டரும், அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க் என்ற ராணுவ டாக்டரும் தனித்தனியாக இதைக் கண்டு எழுதினார்கள். இன்றும் இக்கிருமிக்கு அச்சம் குறையவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் ஐந்து வயது நிரம்பாத 7,40,180 குழந்தைகள் நிமோனியாவால் இறந்தார்கள். அந்த வயதில் நேர்ந்த மரணங்களில் இது நூற்றுக்குப் பதினாலு.

நோயாளியின் கோழையோ இரத்தமோ பரிசோதனைச் சாலைக்கு வந்தால் என்ன செய்கிறார்கள்? ஆட்டு இரத்தம் கலந்த அகார் தட்டில் அதைத் தேய்த்து, உடம்புச் சூட்டில் ஓர் இரவு வைக்கிறார்கள். காலையில் பார்த்தால் நடுவே குழி விழுந்த சிறு பொட்டுகள் தட்டில் முளைத்திருக்கும். ஒவ்வொரு பொட்டும் ஒரு கிருமியின் சந்ததி. லட்சக்கணக்கில் பெருகி நிற்கும் ஒரு குடும்பம். வழக்கமாக அவற்றில் ஒரு பொட்டைக் கம்பி முனையால் தொட்டெடுத்து, எந்த மருந்துக்கு அது சாகிறது, எந்த மருந்துக்குச் சாகவில்லை என்று சோதிப்பார்கள். அந்த ஒன்றின் முடிவே நோயாளியின் முடிவாகச் சீட்டில் எழுதப்படும்.

சோறு பதம் பார்க்கும் கணக்குத்தான் இது. பானையில் ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே தீ. ஆகவே ஒரு பருக்கை வெந்தால் எல்லாம் வெந்தன. ஆனால் நோயாளியின் தொண்டையும் நுரையீரலும் அப்படிப்பட்ட பானைதானா?

சந்தூர்ப் பக்கத்து மாங்கன்றுப் பண்ணைக்காரர்களைக் கேட்டால் எளிதில் விளக்குவார்கள். ஒட்டுக் கட்டிய கன்றுகள் எல்லாம் தாய் மரத்தின் அச்சாகவே காய்க்கும். கொட்டை போட்டு முளைத்த மரங்களோ ஆளுக்கொரு ருசி. ஒரு நோயாளியின் உடம்பிலுள்ள கிருமிகளெல்லாம் ஒரே தாயின் ஒட்டுக் கன்றுகள் என்றுதான் வைத்தியம் வெகுகாலம் நினைத்திருந்தது. ஆனால் அந்தத் தோப்பிலே பல ஜாதி மரங்கள் நிற்பதுண்டு. ஒரே ஜாதி என்று தோன்றுவதற்குள்ளும், தாயைப் போலில்லாமல் மாறிக் காய்க்கும் கிளைகள் உண்டு. கிருமி பெருகும்போதெல்லாம் அதன் மரபணு எழுத்துகளைப் பிரதி எடுக்கிறது. கோடிக்கணக்கான பிரதிகளில் எங்கோ ஓர் எழுத்துப் பிழை நேராமலா போகும்? பெரும்பாலான பிழைகள் பயனற்றவை; ஆனால் மருந்துக்குத் தப்பிக்கும் பிழையும் அவற்றுள் இருந்துவிடலாம்.

கிரிபித் கண்ட விந்தை

இந்த உண்மையின் முதல் சாயலைக் கண்டவர் பிரெடரிக் கிரிபித் என்ற ஆங்கில டாக்டர். பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகத்தின் பரிசோதனைச் சாலையில் வேலை. நிமோனியாக்காரர்களின் கோழையைச் சோதித்து, எந்த வகைக் கிருமி என்று குறித்து வைப்பது அவருடைய கடமை. அப்படிச் செய்துவந்தபோது ஒரே நோயாளியின் கோழையிலிருந்து வெவ்வேறு வகைக் கிருமிகள் கிடைப்பதை அவர் கவனித்தார். ஒருவருக்கு இத்தனை வகைகள் வெளியிலிருந்தே தொற்றினவா? அல்லது உடம்புக்குள்ளேயே ஒன்று இன்னொன்றாக மாறிவிடுகிறதா?

இதை அறிய அவர் எலிகளிடம் போனார். தீங்கற்ற உயிருள்ள கிருமியையும், கொடிய வகையைச் சூட்டால் கொன்று எடுத்த சடலங்களையும் சேர்த்து எலிக்குள் செலுத்தினார். தனித்தனியே இரண்டும் எலியைக் கொல்லாதவை. சேர்த்துச் செலுத்தியபோது எலிகள் இறந்தன. அவற்றின் இரத்தத்தில் கொடிய வகைக் கிருமிகள் உயிரோடு இருந்தன! செத்த கிருமி விட்டுச் சென்ற ஏதோ ஒன்றை உயிருள்ள கிருமி எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டது. 1928இல் கிரிபித் இதை வெளியிட்டார். அந்த 'ஏதோ ஒன்று' டி.என்.ஏ. என்பதை 1944இல் நியூயார்க் ராக்பெல்லர் கழகத்தில் ஏவரியும் அவருடைய இரு துணைவர்களும் நிரூபித்தார்கள்.

பாரம்பரியத்தின் மூலப்பொருளைக் கண்டதாக உலகம் இந்தச் சோதனையைக் கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதன் தொடக்கம் ஓர் ஏழை நோயாளியின் எச்சில் கிண்ணம் என்பதையும், அதில் எழுந்த கேள்வி 'ஒருவருக்குள் ஏன் பல வகை?' என்பதையும் பலர் மறந்துவிட்டார்கள்.

சென்னை உலகுக்குச் சொன்ன பாடம்

ஒரு நோயாளிக்குள் பலதரப்பட்ட கிருமிகள் இருக்கும் என்ற உண்மையை வைத்தே ஒரு கொடிய நோய்க்கு வழி கண்ட ஊர் சென்னை. அது நிமோனியா அல்ல, க்ஷயம். ஆனால் பாடம் ஒன்றுதான்.

ஸ்ட்ரெப்டோமைசின் வந்த புதிதில் க்ஷய நோயாளிகள் வியக்கும்படி தேறினார்கள். சில மாதங்களில் அவர்களில் பலர் மறுபடி சரிந்தார்கள். நுரையீரலிலிருந்த கோடிக்கணக்கான கிருமிகளில் ஒரு சில, மருந்தைக் கண்ணால் காணும் முன்பே அதை எதிர்க்கும் குணத்தோடு இருந்தவை. மருந்து மற்றவற்றைக் கொன்றது. இவற்றுக்கு இடம் காலியாயிற்று. ஒரு மருந்துக்குத் தப்புவது இன்னொன்றுக்குத் தப்பாது. ஆகவே இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்ற முடிவுக்கு வைத்தியர்கள் வந்தார்கள்.

1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் க்ஷய ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நெருக்கமான வீடுகளில், அரைவயிற்று உணவோடு வாழ்ந்த ஏழைகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் கொடுப்பதற்கு இணையான பலன் உண்டு என்று 1959இல் அது காட்டியது. ஐசோனியாசிட் என்ற ஒரே மருந்தைக் கொடுப்பதைவிட இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதே மேல் என்பதையும் அடுத்த ஆண்டில் வெளியிட்டது. மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா என்று கவனிப்பது எத்தனை அவசியம் என்பதும் அங்கேதான் துலங்கியது. கிருமிகளின் கூட்டத்தை மனத்தில் வைத்து வைத்தியம் செய்தால் பலன் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூக்குக்குள் ஒரு சந்தை

மீண்டும் நிமோனியாக் கிருமிக்கு வருவோம். அதன் சொந்த வீடு நுரையீரல் அல்ல. குழந்தைகளின் மூக்கின் பின்புறம். அங்கே பெரும்பாலும் தீங்கின்றி வாசம் செய்கிறது. தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 464 கைக்குழந்தைகளைச் சோதித்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு மாதம் நிரம்பிய குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இக்கிருமி இருந்தது. ஆறு மாதத்தில் பத்துக்கு ஏழு குழந்தைகளிடம் இருந்தது. மேலைநாட்டுக் குழந்தைகளைவிட இங்கே மிக இளம் வயதிலேயே குடியேறிவிடுகிறது.

குடியேறுவது ஒரே வகை அல்ல. இக்கிருமியில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு குழந்தையின் மூக்கு, போச்சம்பள்ளி வாரச் சந்தையைப் போல: வருவதும் போவதும், கூடுவதும் கலைவதும், பண்டமாற்றும். இந்தப் பண்டமாற்று வெறும் உவமை அன்று. நெடுநாள் நோயுற்ற ஒரே குழந்தையிடமிருந்து ஏழு மாத காலத்தில் எடுத்த கிருமிகளை அமெரிக்காவில் ஒரு குழுவினர் 2010இல் ஒப்பிட்டார்கள். கிருமிகள் ஒன்றிடமிருந்து ஒன்று மரபணுத் துண்டுகளைப் பெற்றுக்கொண்டே இருந்தது தெரிந்தது. கிரிபித் எலிக்குள் கண்டது மனிதக் குழந்தைக்குள் நடந்துகொண்டிருந்தது.

இதைப் பெரிய அளவில் பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. தாய்லாந்து நாட்டில், பர்மா எல்லையோரத்தில் மேலா என்ற அகதிகள் முகாம். அங்கே 468 குழந்தைகளிடமிருந்தும், அவர்களுடைய தாய்மாரில் 145 பேரிடமிருந்தும் பல மாதங்களாகச் சேர்த்து வைத்த 3,761 மூக்குச் சளி மாதிரிகளை விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பொட்டை மட்டும் தொட்டெடுக்கும் பழைய முறையை விட்டு, தட்டில் முளைத்த கூட்டம் முழுவதையும் வாரியெடுத்து, அத்தனையின் மரபணுக்களையும் சேர்த்துப் படித்தார்கள். ஒரு சோற்றை நசுக்கிப் பார்க்காமல் பானையையே கவிழ்த்துப் பார்த்தார்கள் என்று சொல்லலாம்.

என்ன கண்டார்கள்? முதலாவது, பழைய முறையில் அகப்படாத வகைகள் அகப்பட்டன. 'ஒன்றாம் வகை' என்ற கொடிய வகை, பழைய முறையில் தெரிந்ததைப்போல் இரு மடங்கு இடங்களில் ஒளிந்திருந்தது. இந்தியாவிலும் நோய் விளைவிக்கும் முக்கிய வகைகளில் அது ஒன்று. இரண்டாவது, முதல் வயதில் தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி பரவுவது முன்பு நினைத்ததைவிட அதிகம். மூன்றாவதுதான் நெஞ்சில் பதிய வேண்டியது. ஆன்டிபயாடிக் மருந்து உண்ட குழந்தைகளிடம், பல மருந்துகளை எதிர்க்கும் கிருமிகள் புதிதாக வந்து ஒட்டுவதும், வந்தவை நெடுநாள் தங்குவதும் அதிகமாயிருந்தன. மருந்து இல்லாதபோதோ, மருந்துக்குச் சாகும் சாதுக் கிருமிகளே எதிர்க்கும் கிருமிகளைப் போட்டியில் ஒதுக்கிவிட்டன!

மருந்தை எதிர்க்கும் கிருமி பலசாலி என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மை அப்படி இல்லை. அண்டை வீட்டாரோடு போட்டியிட்டு நிற்க முடியாத நோஞ்சான் அது. அண்டை வீட்டாரைக் கொன்று அதற்கு இடம் பண்ணிக் கொடுப்பது தேவையில்லாமல் தின்னும் மருந்து. பர்கூர் மருந்துக் கடை வாசலில் நின்ற தாயின் புதிருக்கு விடை இங்கேயும் இருக்கிறது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கிருமி இரத்தத்தில் புகுந்துவிட்டால் கதை மாறுகிறது. எலிகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனை, இரத்தத்தில் பெருகுவது பெரும்பாலும் ஒரே கிருமியின் சந்ததி என்று காட்டியது. மூக்கில் கூட்டம், வேலியைத் தாண்டுவது ஒன்றே ஒன்று. தாண்டும் அந்த ஒன்று எது என்பதில்தான் உயிர் இருக்கிறது. கூட்டத்தில் எதிர்க்கும் கிருமிகள் பெருகியிருந்தால், தாண்டுவது அவற்றில் ஒன்றாக இருக்கும் அபாயமும் பெருகுகிறது.

நெடுஞ்சாலையின் இரு பக்கத்திலும்

பர்கூரிலிருந்து கிழக்கே போனால் வேலூர். மேற்கே போனால் பெங்களூர். இந்த இரண்டு ஊர்களும் இக்கிருமியை ஆராய்வதில் இந்தியாவுக்கே வழிகாட்டிகள் என்பது பலருக்குத் தெரியாது.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்களும் பங்கு கொண்டு, 1993 முதல் 1997 வரையில் ஆறு மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 1999இல் வெளியானபோது பெனிசிலினை எதிர்த்த கிருமிகள் மிக அரிதாகவே இருந்தன. ஆனால் அப்போது கிராமத்து சுகாதார நிலையம் வரையில் புழங்கிய கோட்ரைமாக்சசோல் மாத்திரையைப் பாதிக்கு மேற்பட்ட கிருமிகள் எதிர்த்தன. அதிகம் புழங்கிய மருந்தே அதிகம் பழுதடைந்திருந்தது. 2017இல் அதே வேலூரிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது: மூளை உறையைத் தாக்கும் நோயில் பெனிசிலினை எதிர்க்கும் நியூமோகாக்கஸ் பெருகி வருகிறது, சிகிச்சை முறையையே மாற்ற வேண்டியிருக்கலாம் என்று. பெங்களூரில் கெம்பேகௌடா மருத்துவக் கழகத்தின் ஆய்வாளர்கள் இந்தியாவில் கிடைத்த 480 கிருமிகளின் மரபணுத் தொகுதிகளைப் படித்து 2021இல் வெளியிட்டார்கள்.

இரு பெரிய பரிசோதனைச் சாலைகளுக்கு நடுவே, தினந்தோறும் ஆயிரக்கணக்கான லாரிகள் ஓடும் சாலையில் பர்கூர் இருக்கிறது. ஆனாலும் பர்கூர்க் குழந்தையின் கோழை அந்தச் சாலையில் பயணம் செய்வதில்லை. கடைக்காரரின் ஊகமே அதற்கு வைத்தியம். விஞ்ஞானம் நூறு கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதும் கடலுக்கு அப்பால் இருப்பதும் ஏழைக்கு ஒன்றுதானா?

கல்தூசியும் வெல்டிங் புகையும்

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. கல் அறுக்கும் தூசி நுரையீரலின் காவலைப் பலவீனமாக்கும். வெல்டிங் புகையும் அப்படியே. வெல்டிங் வேலை செய்வோருக்கு நியூமோகாக்கஸ் நிமோனியா எளிதில் வருகிறது என்று கண்டு, 2011இல் பிரிட்டனின் நிபுணர் குழு அவர்களுக்குத் தடுப்பூசி போடப் பரிந்துரைத்தது. ஓசூரிலும் சுற்றுப்புறத்திலும் எத்தனை வெல்டிங் பட்டறைகள்! அவர்களில் எத்தனை பேர் இப்படி ஓர் ஊசி இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் சரித்திரம் இங்கே நினைவுக்கு வருகிறது. தொலைதூரக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து கொட்டடிகளில் அடைத்தார்கள். புதிதாக வந்தவர்கள் நிமோனியாவில் மடிந்தார்கள். பல ஊர்க் கிருமிகள் ஒரே அறையில் கூடின. அவற்றைக் கண்டறியாத உடம்புகளும் அங்கே கூடின. 1911இல் ஆல்ம்ராத் ரைட் என்ற அறிஞர் அங்கே போய்த் தடுப்பூசியைச் சோதித்தார். 1970களில் அதே சுரங்கத் தொழிலாளர்களிடம் நடந்த சோதனைகளே, 1977இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தடுப்பூசிக்கு அடிப்படை. தடுப்பூசியின் கதை தொடங்கியதே பிழைக்க வந்த தொழிலாளியின் நெருக்கடியான அறையில்தான். அந்த அறைகள் இன்று நெடுஞ்சாலை ஓரத்துத் தொழிற்பேட்டைகளிலும் இருக்கின்றன.

எத்தனை நாள் மருந்து?

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்ற பழமொழியை என்ன செய்வது? அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். கண்மூடிப் பின்பற்றவும் வேண்டாம். குழந்தைகளின் சாதாரண நிமோனியாவுக்கு அமாக்சிசிலின் மருந்தை மூன்று அல்லது ஐந்து நாள் கொடுத்தாலே போதும் என்று இன்றைய வைத்தியம் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறது. அதிக நாள் தின்றால் அதிக நன்மை என்பது மூடநம்பிக்கை. ஆனால் நோய் எது, மருந்து எது, அளவு எவ்வளவு, நாள் எத்தனை என்பதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். பழமொழியும் அல்ல, பக்கத்து வீட்டுக்காரரும் அல்ல. குறைந்த அளவில் விட்டுவிட்டுத் தின்பதும், வைரஸால் வந்த சாதாரண ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் தின்பதும், கூட்டத்தில் தவறானவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக்கூடாது என்பது பழைய விதி. முக்கியமான சில மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைக்கவேண்டும் என்ற கடுமையான விதி 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. 2012இல் சென்னையில் கூடிய வைத்தியர்கள் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டு, நடக்கக்கூடிய வழிகளை எடுத்துச் சொன்னார்கள். விதியும் உண்டு, பிரகடனமும் உண்டு. மாலை ஏழு மணிக்குத் திறந்திருக்கும் டாக்டர்தான் இல்லை! கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? கூலியை இழக்காமல் டாக்டரைப் பார்க்க வழியில்லாத தாய்க்குக் கடைதான் ஆஸ்பத்திரி. மாலை வேளை மருத்துவம் தொழிலாளர் ஊர்களுக்கு ஓர் ஆடம்பரம் அல்ல. அது வந்தால்தான் சட்டம் உயிர் பெறும்.

செய்ய வேண்டியவை

முதலாவது தடுப்பூசி. தமிழ்நாட்டில் நியூமோகாக்கஸ் தடுப்பூசி அரசின் இலவசத் திட்டத்தில் 2021 ஜூலையில் சேர்ந்தது. ஆறாம் வாரம், பதினாலாம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று தவணை. இது ஒரு குழந்தையைக் காப்பதோடு நிற்பதில்லை. கொடிய சில வகைகளை மூக்குச் சந்தையிலிருந்தே வெளியேற்றுகிறது. இன்று பர்கூரிலும் நாளை வேறு ஊரிலும் இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு இரண்டாவது, மூன்றாவது தவணை தவறிப் போவது எளிது. தொழிற்பேட்டை வாசலுக்கே போய் அவர்களைத் தேட வேண்டும்.

தடுப்பூசி வந்தால் கவலை தீர்ந்தது என்று கைகட்டி இருக்கவும் முடியாது. நூற்றுக்கு மேற்பட்ட வகைகளில் இந்த ஊசிகள் தடுப்பது பத்து அல்லது பதின்மூன்று. அமெரிக்காவில் 2000இல் ஏழு வகைகளுக்கான ஊசி வந்ததும் அவை மறைந்தன. ஊசியில் இல்லாத 19ஏ என்ற வகை தலைதூக்கியது. கூட்டத்தில் ஒளிந்திருந்தவற்றுக்கு இடம் கிடைத்துவிட்டது! ஆகவே எந்த வகை குறைகிறது, எது எழுகிறது என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

இரண்டாவது, பரிசோதனை. ஒவ்வொரு நோயாளியின் கிருமிக் கூட்டத்தையும் மரபணு எழுத்து எழுத்தாய்ப் படிக்கவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. அது ஆராய்ச்சிக்கு உரியது. ஆனால் கிருஷ்ணகிரிக்கு அருகே 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் பரிசோதனைச் சாலை, இந்த மாவட்டத்தின் கோழையையும் இரத்தத்தையும் வாங்கிச் சோதித்து, எந்த மருந்து கேட்கிறது, எது கேட்கவில்லை என்று மாதந்தோறும் சிற்றூர் டாக்டர்களுக்குச் சொல்லலாம். அதைக் கடந்த சந்தேகங்களுக்கு வேலூரும் பெங்களூரும் இருக்கவே இருக்கின்றன. தட்டில் மாறுபட்டுத் தோன்றும் பொட்டுகளை ஒன்றுக்கு இரண்டாய், மூன்றாய் எடுத்துப் பார்க்கும் பழக்கமும் வளரவேண்டும். இதற்குப் புதிய யந்திரம் வேண்டாம். 'ஒரு சோறு பதம்' என்ற நம்பிக்கையை விட்டாலே போதும்.

மூன்றாவது, தூசி. கல் அறுக்கும் இடத்தில் நீர் தெளித்து அறுப்பதும், புகை போகக் குழாய் வைப்பதும் முதலாளிகளுக்குப் பெரிய செலவல்ல. ஒரு தொழிலாளியின் நுரையீரலைத் திருப்பி வாங்க எந்தச் செலவும் போதாது.

நாலாவது, வீட்டில் செய்ய வேண்டியது. இருமும் குழந்தையின் சட்டையைத் தூக்கி, அழாமல் இருக்கும்போது, ஒரு நிமிஷம் முழுதும் மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரையில் 50, ஐந்து வயது வரையில் 40. இந்த அளவை எட்டினாலோ மிஞ்சினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மருந்துக் கடைக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அதுவும் அன்றைக்கே.

கிரிபித்துக்கு ஓர் எச்சில் கிண்ணமும் பொறுமையும் இருந்தன. அவர் ஒரு பொட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் அடுத்ததையும் எடுத்துப் பார்த்தார். பாரம்பரியத்தின் ரகசியமே அதிலிருந்து வெளிவந்தது. சென்னை, சேத்துப்பட்டில் ஏழைகளின் நுரையீரலைப் பொறுமையாகக் கவனித்து உலகுக்கே பாடம் சொன்னது. அந்தப் பொறுமை பர்கூர்க் குழந்தைக்கும் கிடைக்க வேண்டாமா? மாலை ஏழு மணிக்கு இடுப்பில் குழந்தையோடு நிற்கும் அந்தத் தாய் மருந்துக் கடை வாசலில் நிற்காமல், விளக்கு எரியும் ஓர் அரசு மருத்துவமனைக்குள் நிற்க வழி செய்துவிட்டால், மருந்துகளின் ஆயுளும் கூடும். குழந்தையின் ஆயுளும் கூடும்.